ஃபிராங்க் ஸாப்பா பிறந்த நாளும் கருக்கிய வீனி சாண்ட்விச்சும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தொடக்கப் பதிவு, பால்டிமோரிலிருந்து:

அமெரிக்க ராக் இசைக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா 1940 டிசம்பர் 21 அன்று பிறந்த பால்டிமோர் நகரில்தான் நான் பல ஆண்டுகளாக வசித்து வருகிறேன். அவருடைய பிறந்த நாளை வீட்டில் கொண்டாடத் தொடங்கிய முதல் ஆண்டு, அவரது மீசையையும் கீழுதட்டை ஒட்டிய சிறு தாடியையும் சாக்லேட்டால் வரைந்து ஒரு கேக் செய்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வெட்டிச் சாப்பிட்டபோது, மீசை வைத்த எவருக்கும் இதே கேக் பொருந்துமே என்ற எண்ணம் என்னை விடவில்லை. ஒருவர் பெயரைச் சொல்லிச் சமைத்தால், அந்தப் பண்டம் அவருடைய வாழ்க்கையிலிருந்தே வர வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

அதற்காக வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை. அவரும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் இசைக்குழுவினரும் 1970-இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரே ‘பர்ன்ட் வீனி சாண்ட்விச்’, அதாவது கருகிய சாசேஜ் சாண்ட்விச். வேலைக்கு நடுவே அவர் தமக்குத் தாமே செய்துகொண்ட உணவு அது. ஹாட் டாக் சாசேஜ் ஒன்றை முள்கரண்டியில் குத்தி, அடுப்பு நெருப்பில் நேராகக் காட்டிக் கருக்கி, ரொட்டித் துண்டில் பொதிந்து, மஸ்டர்டு சாஸ் விட்டுச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வேலையில் அமர்ந்துவிடுவார். இரவெல்லாம் விழித்திருந்து இசை எழுதியும் ஒலிப்பதிவு நாடாக்களை வெட்டி ஒட்டியும், தம் வாழ்நாளிலேயே அறுபதுக்கும் மேற்பட்ட ஆல்பங்களைத் தந்த மனிதர், உணவுக்கு ஒதுக்கிய நேரம் எவ்வளவு என்பதை இந்தச் செய்முறை ஒன்றே சொல்லிவிடுகிறது.

இரண்டாம் ஆண்டு இதைச் செய்தபோது நடந்ததைத்தான் இங்கே பகிர விரும்புகிறேன். சாசேஜின் தோல் வெடித்துக் கொழுப்பு சுடரில் சொட்டியதும் சமையலறை புகையால் நிறைந்து, அலாரம் அலறத் தொடங்கியது. மேல்தளத்தில் வசிக்கும் மூதாட்டி பதறிப்போய் இறங்கி வந்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இன்று யாருடைய பிறந்த நாள் என்பதைச் சொன்னேன். அவர் முகம் சட்டென்று மாறியது. 1985 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க செனட் குழுவின் முன் ஸாப்பா பேசியதைத் தொலைக்காட்சியில் கண்டவர் அவர். குழந்தைகளுக்குப் பொருந்தாத வரிகள் கொண்ட இசைத்தட்டுகளின் மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று வாஷிங்டன் அரசியல் பிரமுகர்களின் மனைவியர் தொடங்கிய பெற்றோர் அமைப்பு ஒன்று அப்போது கோரி வந்தது. ஸாப்பாவோ கோட்டும் டையும் அணிந்து வந்து அமர்ந்து, பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தை வாசித்துக் காட்டி, இந்தத் திட்டம் குழந்தைகளுக்கு உண்மையான நன்மை எதையும் செய்யாமல் பெரியவர்களின் உரிமையை மட்டும் பறிக்கும் என்று வாதிட்டார்.

அந்த அம்மையாருக்கு அப்போது பன்னிரண்டு வயதில் ஒரு மகள் இருந்தாளாம். தாம் அன்று சீட்டுகளின் பக்கமே நின்றதாகவும், இன்றும் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்றும் அவர் நேராகவே சொன்னார். ஆனால், பாடல் வரிகளை முழுவதும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் பெற்றோரே படித்து முடிவு செய்துகொள்ளலாம் என்று ஸாப்பா முன்வைத்த யோசனை மட்டும், அங்கே பேசப்பட்டவற்றிலேயே மிகவும் நியாயமானதாகத் தமக்குப் பட்டது என்றார். நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாதிட்டோம். கருகிய பகுதியைச் சுரண்டி எடுத்துவிடலாமா என்று நான் கேட்டபோது, அப்படியே கொடுங்கள் என்று வாங்கிச் சாப்பிட்டார். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அவருக்கென்று ஒரு சாண்ட்விச் தனியாகச் செய்து வருகிறேன்.

மறுமொழி, லித்துவேனியாவின் வில்னியஸிலிருந்து:

உங்கள் நகரின் ஹைலண்ட்டவுன் நூலகத்துக்கு வெளியே நிற்கும் ஸாப்பாவின் மார்பளவுச் சிலை, நான் படிக்கும் இந்த ஊர்ச் சிலையின் மறுபதிப்பு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். லித்துவேனிய ரசிகர்கள் 2010-இல் அனுப்பிய அன்பளிப்பு அது. மூலச் சிலை 1995-இல் இங்கே உயரமான கம்பத்தின் மேல் நிறுவப்பட்டது. சோவியத் காலத்தில் லெனின் சிலைகளை வடித்த கொன்ஸ்டான்டினாஸ் பொக்டனாஸ் என்ற சிற்பியே இதையும் வடித்தார். ஸாப்பா லித்துவேனியாவுக்கு வந்ததே இல்லை. ஆயினும், சொந்தக் குரலில் பேசும் உரிமையை அப்போதுதான் மீட்டெடுத்திருந்த ஒரு நாட்டின் ரசிகர்கள், யாருக்கும் அடங்காமல் பேசிய ஒருவருக்குச் சிலை வைக்க விரும்பினார்கள் என்பது எனக்கு மிகவும் இயல்பாகத் தோன்றுகிறது.

சென்ற டிசம்பரில் விடுதித் தோழர்கள் நால்வருடன் சேர்ந்து நானும் இந்தச் சாண்ட்விச்சைச் செய்தேன். வெள்ளை ரொட்டிக்குப் பதிலாக இவ்வூரின் கறுப்பு ரை தானிய ரொட்டியைப் பூண்டு தேய்த்து எண்ணெயில் பொரித்துக்கொண்டோம். அதன் புளிப்பு, கருகிய இறைச்சியின் கசப்பை நன்றாகத் தாங்கிக்கொள்கிறது. காகிதத்தில் சுற்றிச் சிலையடிக்கு எடுத்துப் போனபோது, பனியில் நின்றிருந்த முதியவர் ஒருவர் மணத்தை வைத்தே என்னவென்று கண்டுகொண்டு, தாமும் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். இளம் வயதில் ஸாப்பாவின் பாடல்களை நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதி எடுத்து இரவில் மெல்லிய ஒலியில் கேட்டதாக அவர் சொன்னதை, என் அரைகுறை லித்துவேனிய மொழியில் முடிந்தவரை புரிந்துகொண்டேன். இன்னும் நன்றாக மொழி கற்றிருக்கக் கூடாதா என்று அன்று மிகவும் ஏங்கினேன்.

மறுமொழி, டொராண்டோவிலிருந்து:

நான் யாழ்ப்பாணத்துப் பின்னணி கொண்டவள், வயலின் கற்பிக்கிறேன். ஸாப்பாவை நான் வந்தடைந்த வழி எல். சங்கர். சென்னையில் பிறந்து இலங்கையில் வளர்ந்த அந்த வயலின் கலைஞர் 1978-இல் ஸாப்பாவுடன் மேடையேறினார்; அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய ‘டச் மீ தேர்’ ஆல்பத்தைத் தயாரித்தவரும் ஸாப்பாவே. வித்தையில் சிறந்த ஒருவரைக் கண்டால், அவர் எந்த மரபிலிருந்து வந்தவர் என்று பாராமல் மேடையில் இடம் கொடுத்த அந்தக் குணத்துக்காகவே, இந்த நாளை நானும் என் மாணவர்களும் கொண்டாடுகிறோம்.

நாங்கள் சைவ உணவுக்காரர்கள் என்பதால் சோயா சாசேஜில் செய்கிறோம். அதில் கொழுப்பு இல்லாததால் முதல் தடவை மேல்தோல் கட்டையாகக் காய்ந்துபோனது; உள்ளே குளிர்ச்சி போகவே இல்லை. இப்போது அதைப் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு வைத்து, துடைத்து, நல்லெண்ணெய் தடவிய பிறகே முள்கரண்டியில் குத்துகிறேன். மேலே வெடிப்பு விழுந்து ஓரங்கள் கறுத்ததும் எடுத்து, ரொட்டியை மடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு கரண்டியை உருவிவிட வேண்டும். மஸ்டர்டு சாஸை மட்டும் தாராளமாக விடுங்கள்.