இணைய மதிப்புரைகளால் சிறிய மெஸ்களுக்கு நன்மையா, நட்டமா?

மெஸ்காரர்:
திருச்சியில் ஒரு சிறிய மெஸ் நடத்துகிறேன். மதியச் சாப்பாடு இரண்டரை மணி வரைதான் என்று வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறோம். அண்மையில் மூன்று மணிக்கு வந்த ஒருவர், ரசமும் மோரும்தான் மிச்சம் என்று சொன்னதும் திரும்பிப் போய், ஒரு பருக்கைகூட வாயில் வைக்காமல் கூகுள் மேப்ஸில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். அதுவரை பன்னிரண்டு பேர் எழுதி 4.5 ஆக இருந்த சராசரி, அந்த ஒருவரால் 4.2 ஆகிவிட்டது. நாலாயிரம் பேர் எழுதியிருக்கும் பெரிய உணவகத்துக்கு இது உறைக்கவே உறைக்காது.

வழிப்போக்கன்:
உங்கள் வருத்தம் நியாயமானது. அதற்காக மதிப்புரையே கேடு என்பதை ஏற்க இயலவில்லை. சந்துக்குள் இருக்கும் மெஸ்ஸை வெளியூர்க்காரனுக்கு வேறு யார் காட்டுவார்கள்? ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா, சியாட்டில் உணவகங்களின் வருவாயை யெல்ப் தள மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை உயர்வதாகக் கண்டார். அந்த ஏற்றம் தனிக்கடைகளுக்கே கிடைத்தது, பல கிளைகள் கொண்ட பெரிய நிறுவனங்களுக்கு அல்ல என்பதைக் கவனியுங்கள்.

இலைக்கட்டு:
அதே கணக்கைத் தலைகீழாகவும் படிக்கலாமே, ஐயா. ஏறினால் தனிக்கடைக்கு லாபம் என்றால், இறங்கினால் அடியும் தனிக்கடைக்குத்தான். புகழ்ச்சியும் எல்லா நேரமும் வரமாவதில்லை. 2020 அக்டோபரில் டெல்லி மாளவியா நகரில் ‘பாபா கா தாபா’ நடத்திய முதிய தம்பதியின் கண்ணீர்க் காணொளி பரவியதும், மறுநாளே அங்கே கூட்டம் அலைமோதியது. அந்த உற்சாகத்தில் டிசம்பரில் திறந்த புதிய உணவகம் 2021 பிப்ரவரியில் மூடப்பட்டு, அவர்கள் பழைய கடைக்கே திரும்பினார்கள். காணொளி பார்த்து வருபவர் ஒருமுறை படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார். மாதக் கணக்கில் சாப்பிடுபவரோ இடம் கிடைக்காமல் வேறு மெஸ் தேடிப் போவார்.

வழிப்போக்கன்:
கூட்டத்தைச் சமாளிக்காதது நிர்வாகச் சிக்கல்; அதை மதிப்புரையின் தலையில் கட்டுவது முறையாகாது. ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழேயே, சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு வந்தார் என்று உரிமையாளர் பணிவாகப் பதில் எழுதலாம். படிப்பவர்களுக்கு உண்மை விளங்கிவிடும். அன்றாட வாடிக்கையாளர்களையும் எழுதச் சொல்லுங்கள்.

மெஸ்காரர்:
பதில் எழுதினேன்; சராசரி அசையவில்லை. அன்றாடம் வருபவரிடம் கேட்டால், “நம்ம மெஸ்ஸுக்கு எதுக்குண்ணே அதெல்லாம்?” என்று சிரித்துவிட்டுக் கை கழுவப் போகிறார்.

இலைக்கட்டு:
இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென ஐஎஸ் 19000 தரநிலையை வெளியிட்டது. ஆயினும் விரும்புகிற தளங்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது அறிமுகமாயிற்று. உண்டவர்தாம் எழுதுகிறார் என்பதற்குச் சான்று கேட்காதவரை, மெஸ்காரர் சொன்ன சம்பவம் நடந்துகொண்டுதான் இருக்கும்.

வழிப்போக்கன்:
இதில் எனக்கு மறுப்பில்லை. பில் எண்ணைப் பதிந்தால்தான் எழுத முடியும் என்று ஆக்கிவிடலாம்.

மெஸ்காரர்:
பில்லா? எங்களிடம் டோக்கன்தான், ஐயா. பரிமாறுபவர் அதையும் இலை போடும்போதே வாங்கிக்கொள்வார்.