அம்மாட கால் எரிவு: சீனியாலயா, விற்றமின் பி12 குறைவாலயா?

வெள்ளவத்தை மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாக்கு 63 வயசு, ஒன்பது வருசமா சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் குளிசை போடுறா. ஒரு ஆறு மாசமா ரெண்டு பாதமும் எரியுது, ஊசி குத்துற மாதிரி இருக்குது எண்டு சொல்லுறா, இரவில தான் கூட. படுக்கையில இருந்து எழும்பி குசினி சீமெந்துத் தரையில வெறுங்காலை வச்சுக்கொண்டு நிக்கிறா, ரெண்டு மணிக்கு நான் எழும்பிப் பாத்தா லைட்டும் போடாம அப்பிடியே நிக்கிறா, பாக்கவே ஏலாம இருக்கு. கேட்டா எல்லாரும் சீனி எண்டா அப்பிடித்தான் எண்டுறாங்க, ஆனா அவட சீனி கட்டுப்பாட்டில தான் இருக்கு, கடைசி ஏ1சி (மூண்டு மாசச் சீனிக் கணக்கு) 6.7. அப்பா போன பிறகு அஞ்சு வருசமா மீன், முட்டை ஒண்டும் தொடுறேல்ல, தேத்தண்ணியும் பிளேன் டீ தான். விற்றமின் குறைஞ்சா நரம்பு நோகுமா? ஃபாமசியில பி கொம்ப்ளெக்ஸ் வாங்கிக் குடுத்தாப் போதுமா?

பம்பலப்பிட்டி அண்ணா:
தங்கச்சி, எங்கட அப்பாக்கும் இதே கதைதான். அவருக்கு எரிவு இல்ல, விறைப்பு. ஒருநாள் காலி வீதியால நடந்து வந்து வீட்டுப் படியில ஏறேக்க தான் கண்டம், ஒரு காலில செருப்பு இல்ல, எங்க கழண்டதெண்டே மனுசனுக்குத் தெரியேல்ல. முகம் கழுவ கண்ணை மூடினா சரியப் பாப்பார். நாங்களும் சீனி எண்டு தான் ரெண்டு வருசம் விட்டிட்டம், பி12 குறைஞ்சா வழமையா ரத்தச்சோகையும் வரும், அவருக்கு ஹீமோகுளோபின் சரியா இருந்ததால ஒருத்தரும் அதை யோசிக்கேல்ல. பிறகு பாத்தா 148 தான், 200 pg/mLக்குக் கீழ எண்டா குறைவு எண்டு கணக்கு. ஊசி போட்டு மூண்டு நாலு மாசத்தில நடை நல்லா வந்திட்டுது, ஆனா பெருவிரல் ரெண்டும் இண்டைக்கும் விறைப்புத் தான். பிந்தினா முழுசாத் திரும்பாது, அதால கெதியா ரத்தம் பாருங்கோ.

மருந்தாளர் அக்கா:
நான் ஃபாமசியில வேலை செய்யிறதால இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன். நரம்புக்கு மேல வயருக்கு உறை மாதிரி மயலின் எண்டு ஒண்டு இருக்கு, அதைப் பழுதாகாம வச்சிருக்க பி12 வேணும். அது மீன், இறைச்சி, முட்டை, பால், தயிர் இதுகளில தான் இருக்கு, வல்லாரை, பொன்னாங்காணி எவ்வளவு சாப்பிட்டாலும் வராது. ஈரல் வருசக்கணக்கில சேமிச்சு வச்சிருக்கும், அதால தான் மீனை விட்டு அஞ்சு வருசத்துக்குப் பிறகு இப்ப தெரியுது போல. அதுக்கு மேல மெட்ஃபோமின் குடலில பி12 உறிஞ்சுறதைக் குறைக்கும், 2022ல பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டுக்காரரே இதைக் கவனிக்கச் சொல்லி அறிவிச்சவை. வயித்தெரிவுக்கு ஒமெப்ரசோல் கனகாலம் போட்டாலும் இப்பிடித்தான். அதுக்காக மெட்ஃபோமினை நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ!!

பி கொம்ப்ளெக்ஸ் குளிசையை முதல்ல குடுக்க வேண்டாம், ரத்தம் குடுத்த பிறகு தான், இல்லாட்டி ரிப்போட்டில அளவு ஏறிக் காட்டும், உண்மை தெரியாது. தனிய ஃபோலிக் அசிட்டும் குடுக்காதேங்கோ, ரத்தச்சோகை சரியான மாதிரிக் காட்டும், உள்ளுக்கு நரம்பு பழுதாகிக்கொண்டே போகும். பி6 வேற மாதிரி, குறைஞ்சாலும் நரம்பு பாதிக்கும், கூடின அளவில கனநாள் போட்டாலும் அதே விறைப்பு வரும், கடையில கேட்டு வாங்கிப் போடுற ஆக்களுக்கு இது தெரியிறேல்ல.

ஒண்டு செய்து பாருங்கோ தங்கச்சி. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிப்போட்டு பஞ்சால விரல் விரலாத் தொட்டு எந்த விரல் எண்டு கேளுங்கோ. டொக்டரிட்ட சொல்ல உதவும்.

கொட்டாஞ்சேனை வாசி:
பி1யும் மறக்காதீங்க. தீட்டின வெள்ளை அரிசி மட்டும் சாப்பிட்ட ஆக்களுக்கு பெரிபெரி என்ட நரம்பு வருத்தம் வந்தது அது குறைஞ்சு தான், ஜாவாவில ஐக்மன் என்டவர் கோழிக்கு அந்தச் சோத்தையே போட்டு, கால் இழுத்ததையும் தவிட்டோட குடுத்தா தேறினதையும் கண்டு பிடிச்சாரு, 1929ல நோபல் பரிசும் குடுத்தாங்க. சிங்களத்தில ஏலாது என்டதுக்கு பெரி என்டு சொல்லுவாங்க தானே, அதில இருந்து தான் அந்தப் பேர் வந்திச்சு என்டும் சொல்றாங்க. குடி கூடின ஆக்களுக்கு இப்பவும் பி1 குறையுது. உங்க அம்மாக்கு பி12 தான் முதல்ல பாக்கணும் என்டு நானும் நினைக்கிறன்.

வெள்ளவத்தை மகள்:
எல்லாருக்கும் கோடி நன்றி. அக்கா சொன்ன மாதிரி பஞ்சு வச்சுப் பாத்தன். இடது காலில அஞ்சு விரலும் சரியாச் சொன்னா. வலது காலில சின்ன விரலைத் தொட்டா பேசாம இருக்கிறா, பிறகு நான் கையை எடுத்து வச்சிருக்கேக்க இப்ப தொடுறாய் என்ன பிள்ளை எண்டு கேக்கிறா. எனக்கு அழுகை வந்திட்டுது, அவ கண்ணை மூடிக்கொண்டு இருந்ததால காணேல்ல. ஒரு விற்றமின் குளிசையும் குடுக்கேல்ல. நாளைக்குக் காலமை ரத்தம் குடுக்கக் கூட்டிக்கொண்டு போறன், ரிப்போட் வந்தோடன இதிலயே போடுறன்.