ஜெரன்டாலஜிக்கு நெட் தாள் எங்கே இருக்கிறது?

நக்கீரன்77:
தேனி மாணவிக்கு நேற்று ஒருவர் அள்ளி வழங்கிய அறிவுரை இது: "பி.ஏ. சோசியாலஜி முடித்ததும் யோசிக்காமல் எம்.ஏ. ஜெரன்டாலஜி (முதுமையியல்) சேர்ந்துவிடு, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதி லெக்சரர் ஆகிவிடலாம்." அந்தப் புண்ணியவானுக்கு ஒரே கேள்வி. நெட் பட்டியலில் சமூகப்பணி இருக்கிறது, மனையியல் இருக்கிறது, மக்கள்தொகையியல் இருக்கிறது. ஜெரன்டாலஜி தாள் எங்கே?

வைகைமைந்தன்:
அந்தப் புண்ணியவான் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம் சார். தாள் இல்லையென்றால் என்ன, சமூகப்பணித் தாள் எழுதட்டும். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். நாட்டுக்கே சேர்த்து 8.6தான். இன்றைக்கு இன்னும் கூடியிருக்கும். வேலை இல்லாமலா போய்விடும்?

நக்கீரன்77:
ஊரில் கிழவர்கள் கூடினால் பட்டியலில் தாள் முளைத்துவிடுமா? சமூகப்பணியில் நெட் தேறி நிற்கும் பெண்ணிடம் கல்லூரிக்காரன் சமூகப்பணி முதுகலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ. சான்றிதழ் கேட்பான். அப்போது நீங்கள் வந்து நிற்பீர்களா? எம்.எஸ்.டபிள்யூ.வில் சேர், ஆய்வேட்டை முதியோர் பக்கம் வைத்துக்கொள். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

கிண்டிக்காரன்:
என்ன சார் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்? 2024இல் எங்கள் கிண்டியிலேயே 200 படுக்கையோடு முதியோர் மருத்துவமனை திறந்துவிட்டார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996லேயே முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. வந்தாயிற்று.

தேனிமாணவி:
அண்ணா, நான் படித்தது சோசியாலஜி. எம்.டி. எப்படிச் சேர முடியும்? வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்டணும். எதில் சேரட்டும்?

நக்கீரன்77:
கிண்டி ஆஸ்பத்திரியில் நெட் தாளா விற்கிறார்கள்? கேட்டதற்குப் பதில் வரட்டும்.

மீனாட்சி_எஸ்:
தாள் கிடக்கட்டும், முதியோர் இல்லத்தில் களப்பணி நடக்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, கட்டிலை விட்டு எழுவது, சிறுநீர் அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு விஷயத்தை முதியவர் தாமே செய்துகொள்கிறாரா எனக் கேட்கிற படிவம். பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருக்கிறார். களப்பணிக்கு வந்த மாணவர்களோ வார்டனைக் கேட்டு ஆறுக்கும் டிக் அடித்துவிட்டுப் பஸ் பிடிக்கிறார்கள். மென்ட்டர் (வழிகாட்டும் ஆசிரியர்) பார்க்காமலே பச்சை மையில் கையெழுத்து.

வைகைமைந்தன்:
எங்கள் துறையைத்தானே சொல்கிறீர்கள்?

மீனாட்சி_எஸ்:
நான் எந்தத் துறையையும் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது போல.

காவிரிக்கரையான்:
அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு டிகிரி! எங்கள் வீட்டில் பாட்டி கடைசிவரை திண்ணையில் ராணி மாதிரி இருந்தார். கலிகாலம்.

மீனாட்சி_எஸ்:
அந்தப் பாட்டிக்குச் சோறு ஊட்டியது நீங்களா, வீட்டு மருமகளா? பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தால் 2007இல் பராமரிப்புச் சட்டம் எதற்கு வந்தது? கைவிட்டால் 3 மாதம் வரை சிறை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

காவிரிக்கரையான்:
அப்படி உள்ளே போன ஒருவனைக் காட்டுங்கள் பார்ப்போம்.

மீனாட்சி_எஸ்:
ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ் பக்கம் போய்ப் பாருங்கள், மனுவோடு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று.

காவிரிக்கரையான்:
மனு கேட்கவில்லையம்மா, ஜெயில் கேட்டேன்.

நக்கீரன்77:
சட்டம், ஜெயில் எல்லாம் வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கேள்வி ஒன்றே ஒன்று. தாள் எங்கே?

வைகைமைந்தன்:
நெட் எழுதினால்தான் வாழ்க்கையா? தொண்டு நிறுவனம் இருக்கிறது, 14567 முதியோர் உதவி எண் இருக்கிறது, அங்கெல்லாம் ஆள் வேண்டாமா?

நக்கீரன்77:
நேற்று லெக்சரர், இன்றைக்கு ஃபோன் எடுக்கிற வேலை. நாளைக்கு என்ன, ஆம்புலன்ஸா? "நெட் எழுதி" என்று எழுதியது நீங்கள். நான் கேட்பதும் அதை மட்டும்தான்.

தேனிமாணவி:
சார், எம்.எஸ்.டபிள்யூ.வில் சேர்ந்தால் முதியோர் இல்லத்தில் களப்பணி தருவார்களா? யாராவது சொல்லுங்கள்.

வைகைமைந்தன்:
என்னிடம் படித்துத் தேறியவர்களின் மார்க் ஷீட்டை ஸ்கிரீன்ஷாட் போடட்டுமா நக்கீரரே?

நக்கீரன்77:
மார்க் ஷீட்டில் என்ன பாடம் என்று போட்டிருக்கும்? சமூகப்பணி. அதைத்தானே காலையிலிருந்து கத்துகிறேன். போன வருடம் மைக்ரோபயாலஜி இழையிலும் இதே கதைதான். கேட்டது ஒன்று, நீங்கள் காட்டியது ஸ்கிரீன்ஷாட்.

வைகைமைந்தன்:
அந்த இழையில் பாதியில் ஓடியது யார் என்று அட்மினைக் கேளுங்கள்.

நக்கீரன்77:
ஓடவில்லை ஐயா, பேத்தி கல்யாணம். அழைப்பிதழ் இங்கேயே போட்டிருந்தேன், நீங்கள் லைக்கும் போட்டீர்கள்.