வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ்: எங்கள் திண்ணை அனுபவம்

"பிள்ளை புத்தகத்தைக் கையிலேயே எடுக்க மாட்டேங்குது" என்று நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில், கர்நாடக எல்லையோரம் ஒரு ஊரில் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலராக இருந்தேன். 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம், கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து எழுத்தையே மறந்துபோன பிள்ளைகளுக்காக. சாயங்காலம் எங்கள் திண்ணையில்தான் வகுப்பு, எல்லாம் ஒன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை. எங்கள் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு, பாதிப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தெலுங்கு, இல்லாவிட்டால் கன்னடம். எழுத்துக் கூட்டித் தமிழை வாசித்துவிடுவார்கள், கதைதான் மண்டைக்குள் போகாது.

ஒரு நாள் யானைக்குட்டி படக்கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். குட்டி வாழைப்பழம் தேடிக் காடெல்லாம் அலைகிறது. மூன்றாவது படிக்கிற ஒரு பையன், அதுவரை வாயே திறக்காதவன், திடீரென்று தெலுங்கில் ஆரம்பித்தான்: இது பொய் அக்கா, யானை எங்க ராகிக்குத்தான் வரும்! அப்புறம் நிறுத்தவே இல்லை. கர்நாடகப் பக்கம் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்குவது, அவன் அப்பா ராத்திரி பரண் மேல் காவல் இருந்தது, பட்டாசு வெடித்தும் ஒரு கொம்பன் அசையாமல் நின்றது என்று கையைக் காலை ஆட்டிச் சொல்கிறான், மற்றதுகளும் கன்னடமும் தெலுங்கும் கலந்து கூடவே கத்துகின்றன. தமிழில் சொல்லு என்று நான் குறுக்கே போகவில்லை. முடித்ததும் அவன் சொன்னதையே தமிழில் நாலு வரி பலகையில் எழுதினேன். தடுக்கித் தடுக்கி வாசித்தான், ஆனால் விடவில்லை, அவன் அப்பா கதையாச்சே.

அதற்குப் பிறகு வீட்டு மொழியில் கதை, அப்புறம் தமிழில் அதே கதை என்று வைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிற பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் பல கதைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் இருக்கின்றன, காசு கிடையாது, போனிலேயே திறக்கலாம். எனக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணி ஓசூர் பக்கம் தெலுங்கு மீடியத்தில் படித்தவர், அடுப்பில் களி கிண்டிவிட்டு வந்து வாசித்துக் காட்டுவார். எனக்கு முன்னால் வாய் திறக்காத பிள்ளைகள்கூட அவரிடம் சண்டை போடும், அங்கே படத்தில் நாய் இருக்கு நீங்க சொல்லலையே என்று.

அரசுப் பள்ளிக்கு வந்த வாசிப்பு இயக்கக் கதைப் புத்தகங்களையும் பார்த்திருப்பீர்கள், எளிதானதிலிருந்து நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. ஐந்தாவது படிக்கிற பிள்ளை 'நுழை'யை எடுத்தால் உடனே "அது சின்னப் பசங்க புக்கு" என்று பிடுங்குகிறோமே, அதுதான் எனக்குப் பிடிக்காது. பிடித்ததைத் திரும்பத் திரும்பப் படிக்கட்டுமே, வேகம் அங்கேதான் வருகிறது. அதேபோல, கதை முடிந்த கையோடு இதில் என்ன நீதி என்று கேட்கிற பழக்கம். தாத்தா பாட்டி கதை சொன்னால் யாராவது கேள்வித்தாள் கொடுத்தார்களா?

கதைப் புத்தகம் படித்தால் மார்க் வருமா என்று ஒரு அப்பா கேட்டார். வாதம் பண்ணவில்லை, கொஞ்ச நேரம் உட்காருங்கண்ணா என்றேன். மகளுக்கு முன்னால் அவர்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

தர்மபுரி புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிப் போகிறவர்கள் ஐம்பதோ நூறோ பிள்ளை கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். எதை எடுத்தாலும் மூக்கை நுழைக்க வேண்டாம். நாங்கள் போனபோது எங்கள் கூட வந்த ஒரு குட்டிப் பெண் எடுத்தது பாம்பு வகைகளைப் பற்றிய புத்தகம், அவள் அம்மா முகம் போன போக்கைப் பார்க்கணுமே!