ராத்திரி தயிர்சாதமும் என் வயிறும்

எனக்கு 46 வயது. கும்பகோணம் பக்கம் பிறந்தவன், வேலை கோயம்புத்தூரில். ராத்திரி என்ன டிபன் சாப்பிட்டாலும் கடைசியில் ஒரு கை தயிர்சாதம் உள்ளே போனால்தான் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். போன மார்கழியில் தொந்தரவு ஆரம்பித்தது. படுத்தால் வயிறு கல் மாதிரி, விடிந்தால் நாக்கில் மாவு பூசியதுபோல் வெள்ளை, பதினோரு மணிவரை பசியே கிடையாது. கேஸ் மாத்திரை போட்டால் இரண்டு நாள் சரியாகும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. தயிர்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நானோ, வயிறு சூடாகிவிட்டது என்று இன்னொரு கரண்டி சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மைத்துனர் இழுத்துக்கொண்டு போனதால் பாலக்காட்டில் ஒரு ஆயுர்வேத வைத்தியரைப் பார்த்தேன். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், அப்புறம் கால் மணி நேரம் தயிரைப் பற்றியே கேட்டார். எத்தனை மணிக்கு உறை ஊற்றுகிறீர்கள், காலையில் கரண்டியால் வெட்டினால் துண்டாக நிற்குமா, சுடுசாதத்திலா ஆறிய சாதத்திலா என்று. யோசித்துப் பார்த்தால் அந்தக் குளிரில் எங்கள் வீட்டுத் தயிர் ஒரு நாள்கூட ஒழுங்காக உறையவில்லை. மேலே ஆடை இருக்கும், கீழே பாலும் இல்லாமல் தயிரும் இல்லாமல் கொழகொழவென்று, கரண்டியைத் தூக்கினால் நூல் மாதிரி இழுக்கும். கொட்ட மனசு வராமல் ராத்திரி அதையே ஆவி பறக்கும் சாதத்தில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன்.

அதற்குப் பெயர் மந்தகம், பாதி உறைந்த தயிர், வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷத்தையும் கிளப்பும் என்றார். நல்ல தயிரே கனமானது, உள்ளே பாதைகளை அடைக்கும் குணம் உள்ளது, அதை அபிஷ்யந்தி என்பார்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த விஷயம்தான்: தயிர் குளிர்ச்சியே இல்லையாம், உஷ்ண வீரியமாம், அதாவது உடம்பில் சூட்டைக் கிளப்பும் குணம். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், சூத்திர ஸ்தானம் என்ற பகுதியின் 7ஆம் அத்தியாயத்திலேயே ராத்திரி தயிர் வேண்டாம், சூடாக்கி வேண்டாம், நெய், சர்க்கரை, பாசிப்பயற்றுச் சாறு, தேன், நெல்லிக்காய் என்று ஏதாவது துணை இல்லாமல் வேண்டாம் என்று இருக்கிறது. அதே நூல் தயிர் பசியைத் தூண்டும், வாதத்தைத் தணிக்கும், உடம்பைத் தேற்றும் என்றும் சொல்கிறது, ஆகவே தயிரே விஷம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: ராத்திரி தயிர் கட், மத்தியானம் மோர். தயிரில் தண்ணீரை ஊற்றிக் கலக்கினால் அது மோர் ஆகாது, மத்தால் கடைந்து வெண்ணெய் எடுக்க வேண்டும். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, இந்துப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம். மூன்றாவது வாரம் காலை எட்டு மணிக்கெல்லாம் பசித்தது! கூடவே ஒரு சூரணமும் கொடுத்திருந்தார், அதனால் முழுப் பெருமையும் மோருக்கே என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

* * *

உங்கள் பதிவைப் படித்தேன். எங்கள் பாட்டி 88 வயதுவரை தினமும் ராத்திரி தயிர்சாதம்தான், ஒரு ஏப்பம்கூட விட்டதில்லை. இதற்கு உங்கள் வைத்தியர் என்ன சொல்வார்?

* * *

நான் இன்னொரு வாசகர். இதே கேள்வியை என் அம்மா எங்கள் வைத்தியரிடம் கேட்டார். பழக்கத்தால் உடம்புக்கு ஒத்துப்போனதை சாத்மியம் என்பார்கள், அதில் அவசரப்பட்டுக் கை வைக்கக்கூடாது என்றார். பாட்டி அந்தக் காலத்தில் மாவாட்டி, தண்ணீர் இறைத்து, ஏழு மணிக்குச் சாப்பிட்டிருப்பார். நாம் பத்தரைக்குச் சாப்பிட்டுவிட்டு போனோடு படுக்கிறோம். என் கதை நேர்மாறு. பால் குடித்தால் வயிறு உப்பும், தயிர் ஒன்றும் செய்யாது, பால் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தயிர்க் கிருமிகள் முன்னாலேயே தின்றுவிடுகின்றன அல்லவா. ஆனால் சளி பிடித்திருக்கும்போது ராத்திரி சாப்பிட்டால் மறுநாள் மூக்கு அடைப்பு நிச்சயம். சித்த மருத்துவத்திலும் 'மூத்த தயிர்' உண்ணச் சொல்லியிருக்கிறார்கள், அதாவது நன்றாக உறைந்தது. இன்னொன்று, எடை குறைகிறது, மலத்தில் ரத்தம் போகிறது என்றால் மோரை நம்பி உட்காராமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். பாட்டி விஷயம் நியாயம், வைத்தியரும் என்னைத் திடீரென்று நிறுத்தச் சொல்லவில்லை, ஒன்று விட்டு ஒரு நாள் என்று குறைத்துத்தான் விட்டேன். இப்போது குளிர்காலத்தில் உறை ஊற்றிய பாத்திரத்தை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடுகிறோம், காலையில் வெட்டினால் துண்டாக நிற்கிறது. நேற்று ஒரு கல்யாண ரிசப்ஷன், பந்தி போட்டதே ராத்திரி ஒன்பதரைக்கு. மாதுளை முத்து, திராட்சை எல்லாம் தூவித் தயிர்சாதம் வந்தது. ராத்திரி, தயிர், போதாக்குறைக்கு ஆயுர்வேதத்தில் தயிரோடு சேராது என்கிற பழம். இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டேன். வீட்டில் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.