ஒளியை மிஞ்சும் கப்பலை நடுவழியில் மறிப்பது எப்படி?

சோமனூர்க்காரன்: ஒரு விண்வெளிக் கதை எழுதுகிறேனுங்க. கொள்ளையர்கள் ஒரு சரக்குக் கப்பலை மறிக்க வேண்டும். ஸ்டார் வார்ஸில் இன்டர்டிக்டர் கப்பல்கள் செயற்கை ஈர்ப்பை உண்டாக்கி, ஹைப்பர்ஸ்பேஸிலிருந்து (ஒளியை மிஞ்சிப் பறக்க உதவும் கற்பனை வெளி) எதிரியை வெளியே இழுக்கும். அதையே எடுத்தாள மனம் வரவில்லை. வேறு வழி இருக்குதுங்களா?

பொள்ளாச்சித் தம்பி: ஈவ் ஆன்லைன் விளையாட்டைப் பாருங்கண்ணா. சேருமிடத்துக்கு நேர்கோட்டில் கப்பலின் அதிவேகப் பயணத்தை நிறுத்தும் தடைக்குமிழியை விரித்து வைத்தால், வருகிற கப்பல் அதிலேயே வந்து மாட்டும். துரத்தவே வேண்டாம், காத்திருந்தால் போதும்.

ஈரோடு இயற்பியல்: எனக்கு ஈர்ப்பைவிட இது பிடிக்கும். ஒளியை மிஞ்சும் பயணத்துக்கு 1994-இல் இயற்பியலாளர் அல்குபியர் எழுதிய கணக்கில், கப்பல் ஒரு குமிழிக்குள் இருக்கும்; அதற்கு முன்னால் வெளி சுருங்குகிறது, பின்னால் விரிகிறது. ஆனால் ஒளியை மிஞ்சியதும் உள்ளிருந்து அனுப்பும் சமிக்ஞை அந்தக் குமிழியின் முன்சுவரை எட்டாது. அதாவது மாலுமியால் பிரேக் போடவே முடியாது! ஊடை அறுந்தால் தறி தானாக நிற்குமே, அப்படி நிறுத்தும் ஏற்பாட்டைப் பாதையிலேயே முன்கூட்டி வைக்க வேண்டும். கொள்ளையர்கள் அதைக் கைப்பற்றட்டும்.

சோமனூர்க்காரன்: அருமைங்க! அப்போ கப்பலில் இருப்பவர்களுக்கு நின்ற பிறகுதான் விஷயமே தெரியும். பாதையில் அந்த நிறுத்தும் ஏற்பாட்டைக் காக்கும் நிலையத்தில் தனியாக வேலை பார்ப்பவரிடமிருந்தே கதையைத் தொடங்குகிறேன்.