புதுப்பிப்பு: சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வேலை அனுமதி) ரத்து, 24 மாத வாடகை ஒப்பந்தம்

வேலை போய் பாஸ் ரத்தானால் மிச்சக் காலத்துக்கும் வாடகை கட்டணுமா என்று கேட்டிருந்தேன். கட்ட வேண்டியதில்லை. "டிப்ளமேட்டிக் கிளாஸ் (diplomatic clause) இருக்கா பாருங்க" என்றவருக்கு நன்றி; வேலை போய் நாட்டை விட்டுப் போக நேர்ந்தால் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்க விடும் பிரிவு அது, அதுதான் கைகொடுத்தது.

12 மாதம் தாண்டியிருந்ததால் 2 மாத நோட்டீஸ், கூடவே பணிநீக்கக் கடிதம், பாஸ் ரத்துக் கடிதம். ரத்துக்குப் பிறகு தங்க 30 நாள்தான், நோட்டீஸோ 60. வீடு பூட்டிக் கிடந்தாலும் அந்த வாடகை நம் தலையில்தான். கடிதம் கைக்கு வந்த அன்றே நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள்.

எதிர்பாராதது, வீட்டுக்காரர் ஏஜென்டுக்குக் கொடுத்திருந்த கமிஷனில் மிச்சக் காலத்துக்கான பங்கை நாம் திருப்பித் தர வேண்டியிருந்தது. 15 மாதத்தில் வெளியேறியதால் 24-ல் 9 பங்கு: 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கமிஷனுக்கு 900. முன்பணத்தில் பிடித்தார்கள், ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, வாதாடிப் பயனில்லை. பெயின்ட் செலவு என்று கேட்டதை மட்டும், குடிபுகுந்த அன்று எடுத்த போட்டோவைக் காட்டியதும் வீட்டுக்காரர் விட்டுவிட்டார்.